நாய்க்கு நெல்லைச் சீமைப் பெயர்: கூப்பிட்டுப் பார்த்து வைக்கும் முறை

நாயின் பெயரை எழுதுவது வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான். தடுப்பூசி அட்டையில், கழுத்து வில்லையில். கூப்பிடுவதோ ஒரு நாளைக்கு ஐம்பது தடவை. தார்சாவில், அதாவது வீட்டின் முன்கட்டில் உட்கார்ந்துகொண்டு, புறவாசலில் நின்றுகொண்டு, லாரி போகிற ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து கூப்பிடுவோம். எழுத்தில் அழகாக இருக்கிற பெயர் வேறு, வாயில் நிற்கிற பெயர் வேறு. தாமிரபரணிக் கரையின் பெயர் ஒன்றை நாய்க்கு வைக்க ஆசைப்படுகிறவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். நெல்லை, பொருநை, அல்வா என்று ஆசையாக வைப்பார்கள்; மூன்றாவது வாரம் அது ‘டாமி’ ஆகியிருக்கும். ஊர்ப் பெயர் வைத்தது தப்பில்லை, கூப்பிட்டுப் பார்க்காமல் வைத்ததுதான் தப்பு.

இது முதன்முறையாக நாய் வளர்க்கிறவர்களுக்கு எழுதியது. குட்டி வந்த அன்றைக்கே பெயர் வைத்தாக வேண்டும் என்று எதுவும் இல்லை. மூன்று நாள் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை ‘குட்டி’ என்றும் கூப்பிடாதீர்கள், அதுவே ஒட்டிக்கொள்ளும். நாக்கைச் சொடுக்கி ‘ச்சு ச்சு’ என்றால் போதும்.

முதல் நாள்: காது கேட்கிறதா?

பெயருக்கு முன்னால் காது. குட்டி பிறக்கும்போது காது அடைத்திருக்கும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் திறக்கும். எட்டு வாரத்தில் வீட்டுக்கு வருகிற குட்டிக்கு நன்றாகவே கேட்க வேண்டும். இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம், நம் பக்கம் அதிகம் வளர்க்கிற ராஜபாளையம் நாய். 2005இல் அஞ்சல் துறை அஞ்சல்தலை வெளியிட்டுப் பெருமைப்படுத்திய இனம் அது. ஆனால் பால்வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் உள்ள அந்த இனத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது உண்டு. தோலுக்கும் மயிருக்கும் நிறம் கொடுக்கிற செல்கள் உள்காதுக்கும் வேண்டும். அவை போய்ச் சேராத காது சில வாரங்களிலேயே கெட்டுப்போகும். வெள்ளை உடம்புள்ள வேறு பல இனங்களிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது.

சோதிப்பது எளிது. குட்டியைக் கூடப் பிறந்தவற்றிடமிருந்து பிரித்துத் தனி அறையில் விடுங்கள். கூட்டத்தில் இருந்தால் செவிட்டுக் குட்டி மற்றவை திரும்புவதைப் பார்த்துத் தானும் திரும்பிவிடும். அது தூங்கும்போதோ எதையாவது மோந்துகொண்டிருக்கும்போதோ, அதன் முதுகுக்குப் பின்னால் ஆறடி தள்ளி நின்று, எவர்சில்வர் டம்ளரில் கரண்டியால் ஒரு தட்டு. கைதட்டக் கூடாது, காற்று படும். காலை உதைக்கக் கூடாது, தரை அதிரும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். காது அசைந்தால் போதும். சத்தம் கேட்டும் எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுற்றிச் சுற்றித் தேடினால் ஒரு காது மட்டும் கேட்கிறது என்று சந்தேகப்படலாம். இரண்டு நாள் வெவ்வேறு நேரத்தில் பார்த்தும் அசைவு இல்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

காது கேட்காத குட்டியும் நல்ல நாயாக வளரும். அதற்குப் பெயர் என்பது கையசைவு: உள்ளங்கையை விரித்து மூடுவது, இருட்டில் டார்ச்சை ஒருமுறை மினுக்குவது. ஒரே சைகையை வீட்டில் எல்லோரும் செய்ய வேண்டும். வாய்ப்பெயர் மனிதர்களுக்குத்தான் என்பதால் இஷ்டப்பட்டதை வைத்துக்கொள்ளலாம். கீழே வருகிற கட்டுப்பாடுகளில் பாதி உங்களுக்கு இல்லை.

இரண்டாம் நாள்: வீட்டுச் சொற்களை எழுதுங்கள்

ஒரு தாளை அடுக்களைச் சுவரில் ஒட்டிவையுங்கள். நாயிடம் நீங்கள் சொல்லப்போகிற ஏவல்களை முதலில் எழுதுங்கள்: வா, போ, இரு, நில்லு, உக்காரு, படு, விடு, கை குடு. அதற்குக் கீழே வீட்டில் இருப்பவர்களின் பெயர், கூப்பிடுகிற முறைப்பெயர்: ஆச்சி, தாத்தா, சித்தி, அண்ணன். அதற்கும் கீழே, அன்றைக்கு வீட்டில் திரும்பத் திரும்பக் காதில் விழுகிற சொற்கள். நாள் முடியும்போது தாளில் முப்பது நாற்பது சொல் சேர்ந்திருக்கும். நாயின் பெயர் இவற்றில் எதோடும் உரசக் கூடாது.

நெல்லைப் பேச்சில் இதோடு மூன்று ஒட்டுகளைச் சேர்த்து எழுத வேண்டும். ஆண்பிள்ளையைக் கூப்பிடும் ‘லே’: வாலே, என்னலே, சாப்டியாலே, எங்கலே போன. பெண்பிள்ளையைக் கூப்பிடும் ‘ட்டி’: ஏட்டி, வாட்டி, என்னட்டி. முன்னால் வருகிற ‘ஏ’: ஏ மாரி, ஏ செல்வி. நம் வீட்டில் பத்து வாக்கியம் பேசினால் இவற்றில் ஒன்றாவது ஐந்தில் இருக்கும். ‘லே’யிலோ ‘ட்டி’யிலோ முடிகிற பெயரை நாய்க்கு வைத்தால், மகனைத் திட்டினால் நாய் எழுந்து வரும். நாலு தடவை வந்து பார்த்து, தனக்கு இல்லை என்று தெரிந்ததும், நிஜமாகக் கூப்பிடும்போதும் வராமல் படுத்துக்கொள்ளும். நாய் கெட்டுப்போகவில்லை. அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் இல்லை என்பதை நாம்தான் அதற்குக் கற்றுக்கொடுத்துவிட்டோம்.

அல்வாவை எடுத்துப் பார்ப்போம்

நெல்லை என்றதும் எல்லோர் வாயிலும் வருகிற பெயர் இது. குட்டி பழுப்பாக, மினுமினுப்பாக இருந்தால் கேட்கவே வேண்டாம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்த்தால் மற்ற எல்லாப் பெயர்களையும் எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துவிடும்.

தெருமுனையிலிருந்து கூப்பிடுங்கள். ‘அல்’ என்பதில் வாய் மெதுவாகத் திறந்து நாக்கு வழுக்குகிறது, தட்டுகிற ஒலி எதுவும் இல்லை. அந்தப் பாதி தூரத்துக்குப் போகாது. போய்ச் சேருவது ‘வா’ மட்டும். சும்மா இருக்கும்போது இது வசதி மாதிரிகூடத் தெரியும், பெயரைச் சொன்னாலே வருகிறதே என்று. இப்போது வேறொரு நேரத்தை நினையுங்கள். கேட் திறந்திருக்கிறது, நாய் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது, நடுவில் பஸ் வருகிறது. ‘அல்வா, இரு!’ என்று கத்துகிறீர்கள். அதன் காதில் விழுவது ‘வா’. பாய்ந்து வரும். பெயருக்குள் ஏவல் ஒளிந்திருப்பது இப்படி உயிருக்கே ஆபத்தாக முடியும்.

அடுத்து, நெல்லை வீட்டில் அல்வா என்ற சொல் ஓயாது. ஊருக்குப் போகிறவர் வாங்க வேண்டும், ஊரிலிருந்து வந்தவர் கேட்பார், கல்யாண வீட்டில் வைப்பார்கள். நாய் பாவம், ஒவ்வொரு தடவையும் தலை தூக்கும். ‘அல்வா கொடுத்துட்டான்’ என்கிற பேச்சு வேறு.

அல்வாவை விட மனம் இல்லையா? அல்வாவுக்குள் இருப்பதை எடுங்கள். அது சம்பா கோதுமையை ஊறப்போட்டு, ஆட்டிப் பால் எடுத்துக் கிண்டுவது. ‘சம்பா’ நல்ல பெயர். ‘ச’வில் தொடங்குகிறது, நடுவில் ‘ம்பா’ என்று உதடு மூடித் திறக்கிறது, கடைசி ‘ஆ’வை எவ்வளவு தூரத்துக்கும் நீட்டலாம். கோதுமை நிறக் குட்டிக்குப் பொருத்தம். எந்த ஏவலோடும் மோதாது.

விளி: பெயரைக் கூப்பிடும் வடிவம்

தமிழில் ஒரு பெயரைச் சொல்வதும் கூப்பிடுவதும் ஒன்றில்லை. கூப்பிடும்போது கடைசி ஒலி மாறும், நீளும். தொல்காப்பியம் இதற்கென்றே ‘விளிமரபு’ என்று ஓர் இயல் வைத்திருக்கிறது. முருகன் முருகா ஆவதும் மணி மணீ ஆவதும் அதுதான். நாய் வாழ்நாள் முழுக்கக் கேட்பது பெரும்பாலும் விளி வடிவத்தைத்தான். அதனால் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அதன் கூப்பிடும் வடிவத்தை எழுதுங்கள்.

உகரத்தில் முடிந்தால் ஊ ஆகும்: சுக்கு, சுக்கூ. இகரத்தில் முடிந்தால் ஈ ஆகும்: காரி, காரீ. இவை இரண்டும் நாய்க்கு மிக நல்லவை, குரல் உயர்ந்து முடியும். ஐ என்று முடிந்தால் நம் பேச்சில் ஏ ஆகும்: கோரை, கோரே. இதிலும் குறையில்லை, ‘லை’யில் முடியாதவரை. ‘லை’யில் முடிந்தால் ‘லே’ வந்துவிடும். செவலை என்பது செம்பழுப்பு மாட்டுக்கும் நாய்க்கும் காலங்காலமாக இருக்கிற பெயர்தான், ஆனால் கூப்பிட்டால் ‘செவலே’. சாம்பலும் வெள்ளையும் கலந்ததற்கு மயிலை, கூப்பிட்டால் ‘மயிலே’. ஓலை, ‘ஓலே’. வீட்டில் ‘லே’ போட்டுப் பேசுகிற பழக்கம் இல்லாதவர்கள் மட்டும் இவற்றை வைக்கலாம்.

மெய்யெழுத்தில் முடிகிற பெயரை நீட்ட முடியாது. நீட்டினால் வேறொன்றாகிவிடும். குற்றாலத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விழுகிற சாரலைப் பெயராக வைக்கப் பலருக்கும் ஆசை. கூப்பிட்டால் ‘சாரலே’, அல்லது சுருங்கி ‘சாரா’. பாளையங்கோட்டையில் சாரா என்ற பெயருள்ள அக்காமார் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். விட்டுவிடுங்கள்.

உயிரெழுத்தில் தொடங்குகிற பெயரும் வேண்டாம். முன்னால் நாம் போடுகிற ‘ஏ’யோடு ஒட்டிக்கொள்ளும். ‘ஊத்து’ என்பது மாஞ்சோலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெயர், கேட்க அழகு. ‘ஏ ஊத்து’ என்று சொல்லிப் பாருங்கள், ‘ஏவூத்து’ என்றுதான் வரும். க, ச, த, ப என்று தட்டித் தொடங்கினால் ‘ஏ’ தனியாக நிற்கும், பெயர் தனியாக நிற்கும்.

ழகரம் வருகிற பெயரையும் தவிர்ப்பது நல்லது. நம் பக்கம் பேச்சில் ழ பெரும்பாலும் ள ஆகிவிடும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ‘தாழை’ என்று சுத்தமாகச் சொல்லும், ஆச்சி ‘தாள’ என்பார். நாய்க்கு அவை இரண்டு சொல். வீட்டிலேயே வயதில் மூத்தவரும் சின்னக் குழந்தையும் ஒரே மாதிரி சொல்ல முடிகிற பெயர்தான் வீட்டுக்கு ஏற்ற பெயர்.

எங்கிருந்து எடுக்கலாம்

பனங்காட்டை முதலில் வைக்கிறேன். இந்தச் சீமையில் பனையைச் சுற்றி இருக்கிற சொற்கள் அத்தனை வளமானவை, அத்தனையும் குட்டையானவை, பெரும்பாலும் மனிதர்களுக்கு வைக்காதவை.

‘வடலி’ என்றால் இளம்பனை. குட்டிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. நாய் வளர்ந்தபிறகும் கேட்க நன்றாகவே இருக்கும். ‘வ’வில் தொடங்கினாலும் ‘வா’ நெடில், ‘வட’ குறில், அதோடு ‘ட’ தட்டி நிற்கிறது; குழப்பம் வருவதில்லை. ‘விடிலி’ பதநீர் காய்ச்சுகிற குடிசை. அருமையான சொல், ஆனால் வாயில் கவ்வியதைக் கீழே போடச் சொல்ல ‘விடு’ என்று பழக்கப்போகிறீர்கள் என்றால் இடிக்கும். பெயர்தான் வேண்டும் என்றால் ஏவலை ‘போடு’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். ‘கருக்கு’ பனைமட்டையின் ஓரத்து ரம்பப்பல், காவல் நாய்க்கு ஏற்றது. ‘நுங்கு’ கொழுகொழுவென்ற குட்டிக்கு.

‘பாளை’யில் இரட்டைப் பொருள் உண்டு. பனையில் கள்ளும் பதநீரும் சுரக்கிற இடம் பாளை. பாளையங்கோட்டையையும் சுருக்கிப் பாளை என்கிறோம். உதடு வெடித்துத் தொடங்குகிற நல்ல பெயர். ஒரே குறை, பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்து வீடு என்றால் கண்டக்டர் ‘பாளை பாளை’ என்று கூவும்போதெல்லாம் நாய் வாசலுக்கு ஓடும்.

‘கருப்பட்டி’யைப் பலர் கேட்கிறார்கள், குறிப்பாகக் கருநிறக் குட்டிக்கு. நாலு எழுத்தசை; நாளடைவில் ‘பட்டி’ என்று சுருங்கி ‘ஏட்டி, வாட்டி’க்குள் போய் விழும். செங்கோட்டை தாண்டினால் இன்னொன்றும் உண்டு: மலையாளத்தில் பட்டி என்றாலே நாய். கருப்பட்டியோடு சேர்கிற சுக்கை எடுங்கள். ‘சுக்கு’ இரண்டே அசை, நடுவில் ‘க்’ அழுத்தமாக விழுகிறது, சுருங்கிய மூஞ்சியுள்ள சின்ன நாய்க்குச் சொல்லவே வேண்டாம். இந்தப் பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கச் சொன்னால் சுக்குதான்.

அடுக்களையில் இன்னும் இரண்டு. முதலூர் ‘மஸ்கோத்’, தேங்காய்ப்பால் அல்வா. கூப்பிடும்போது ‘மஸ்கோ’ என்று இயல்பாகவே குறையும். தூத்துக்குடி ‘மக்ரூன்’, முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சர்க்கரையும் சேர்ந்தது, வெள்ளை நாய்க்கு. இரண்டிலும் ‘க்’ இருப்பதால் தூரத்துக்குக் கேட்கும். தேங்காய்ப்பால் குழம்பான ‘சொதி’யும் வைக்கலாம், ஆனால் உங்கள் வீட்டில் நாய்ச்சாப்பாட்டை ‘சோறு’ என்று சொல்லிக் கூப்பிட்டால் முதல் ஒலி ஒன்றாகிவிடும். பெயர் வைத்த பாசத்தில் அந்தப் பலகாரத்தை நாய்க்கு ஊட்டாதீர்கள். அல்வாவின் நெய்யும் சீனியும் வயிற்றைக் கெடுக்கும், சொதியில் உள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்துக்கே கேடு, கிஸ்மிஸ் பழம் கிட்னியைப் பாதிக்கும்.

ஆறும் மலையும் அழகானவை, ஆனால் பாதி தேறாது. ‘பொருநை’, ‘பொதிகை’ இரண்டும் ‘போ’வோடு மோதும், வரச்சொல்லிக் கூப்பிடுகிற பெயரின் முதல் ஒலியே போகச் சொல்கிறது. ‘நெல்லை’யும் ‘நெல்லு’வும் ‘நில்லு’வோடு மோதும். சித்தாறு சுருங்கிச் ‘சித்தா’ ஆகும். வீட்டில் சித்தப்பா இருந்தால் முடிந்தது. மாஞ்சோலைப் பக்கத்து ‘காக்காச்சி’ குழந்தைகளுக்குப் பிடித்த பெயர், ஆனால் அதன் வாலில் ‘ஆச்சி’ இருக்கிறார். காயல்பட்டினம் பக்கம் காக்கா என்றால் அண்ணன். தேறுபவை: காரையாற்றிலிருந்து ‘காரை’, தாமிரபரணியிலிருந்தும் நெல்லையப்பர் கோயில் தாமிரசபையிலிருந்தும் செம்பு நிற நாய்க்குத் ‘தாமிரா’.

பத்தமடைப் பாய் நெய்கிற புல் ‘கோரை’. வைக்கோல் நிறக் குட்டிக்கு நல்ல பெயர், ‘கோரே’ என்று கூப்பிடலாம். திருச்செந்தூர் போகிற வழியில் செம்மணல் மேடாகக் கிடக்கிற ‘தேரி’, சிவந்த நாய்க்கு. கருப்பு நாய்க்கு மாட்டுக்காரர்கள் சொல்லும் ‘காரி’. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நெட்டைக்கால் வேட்டைநாய்களுக்குக் கூந்தன்குளத்துக்கு வருகிற ‘நாரை’. ‘ந’ மெதுவான தொடக்கம்தான், இருந்தாலும் அந்த நடையைப் பார்த்தவர்களுக்கு வேறு பெயர் வாயில் வராது.

வைது பார்த்தல்

இந்தப் படியைத் தாண்டாதீர்கள். எந்த நாயும் ஒருநாள் செருப்பைக் கடிக்கும், அடுத்த வீட்டுக் கோழியைத் துரத்தும். அன்றைக்கு அதன் பெயரைச் சொல்லி நடுத்தெருவில் வைவீர்கள். அந்த வாக்கியத்தை இன்றைக்கே மனதுக்குள் சொல்லிப் பாருங்கள்: ‘ஏ இன்னாரே, சனியனே, இங்க வா!’ யாருடைய மனமாவது நோகும் என்றால் அந்தப் பெயர் கூடாது.

நெல்லைச் சீமையில் தெய்வத்தின் பெயர்தான் மனிதரின் பெயர். இசக்கி, பேச்சி, சுடலை, மாடசாமி, நெல்லையப்பன், காந்திமதி, கோமதி என்று தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். குலதெய்வத்தின் பெயர் அது, அதோடு தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கமும் இருப்பதால் பழைய பெயர் என்று நீங்கள் நினைப்பது அடுத்த வீட்டுத் தொட்டிலில் கிடக்கும். முத்து என்பது கொற்கையின் பெருமைதான். ஆனால் முத்து இல்லாத தெரு ஏது? பைரவருக்கு நாய் வாகனம் என்பதால் ‘வைரவா’ என்று பக்தியோடு வைக்கிறவர்கள் உண்டு. பக்தி சரி, வைகிற அன்றைக்கு என்ன செய்வது?

விடுதலைப் போராட்டத்தில் நின்றவர்கள், பாளையக்காரர்கள், புலவர்கள் பெயர் எதையும் தொடாதீர்கள். ஒவ்வொரு பெயரையும் ஊர் ஊராக மக்கள் நெஞ்சில் வைத்திருக்கிறார்கள். சாதிப் பட்டம் எதுவும், செல்லமாகக்கூட, கூடவே கூடாது. பெயரை முடிவு செய்வதற்கு முன் தெருவிலேயே மூத்தவர் ஒருவரிடம், ‘அண்ணாச்சி, நாய்க்கு இந்தப் பேரு வைக்கலாம்னு இருக்கோம், யாருக்கும் சங்கடம் இல்லையே?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நமக்குத் தெரியாத ஒரு பட்டப்பெயர் அந்தத் தெருவில் இருக்கலாம்.

மூன்றாம் நாள்: தெருவில் கூப்பிட்டுப் பார்ப்பது

இப்போது பட்டியலில் மூன்று பெயர் மிஞ்சியிருக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணி வாக்கில், தெருவில் சத்தம் இருக்கிற நேரத்தில், வாசலில் நின்று வீட்டுக்காரர் ஒருவரை முப்பதடி தள்ளி நிற்கச் சொல்லி, ஒவ்வொரு பெயரையும் பத்துத் தடவை கூப்பிடுங்கள். குட்டியை இதற்குக் கொண்டுவர வேண்டாம், இது உங்கள் வாய்க்கான சோதனை. பத்தாவது தடவை மூச்சு வாங்குகிறதா, பெயர் தேய்கிறதா, எதிரே நிற்பவருக்கு எல்லா எழுத்தும் கேட்டதா என்று பாருங்கள். கூச்சமாக இருந்தாலும் அதுவே பதில். தெருவில் கூப்பிடக் கூசுகிற பெயர் வீட்டுக்குள்ளேயே செத்துப்போகும். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் இரண்டு பெயரும் வேறு வேறு எழுத்தில் தொடங்க வேண்டும், வேறு வேறு உயிரில் முடிய வேண்டும். காரியும் காரையும் ஒரே வளவுக்குள் ஆகாது.

பெயரைப் பழக்கும் ஒரு வாரம்

தேவையானது: வேகவைத்த கோழிக்கறி, உப்பும் மசாலாவும் இல்லாமல், வேர்க்கடலைப் பருப்பளவு துண்டுகளாக. ஒரு நாளைக்கு முப்பது துண்டு. அந்த அளவைச் சாப்பாட்டில் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு நாள், பட்டாசலில் (வீட்டுக் கூடத்தில்), சத்தம் இல்லாத நேரத்தில், குட்டியிலிருந்து மூன்றடி தூரத்தில். அது வேறெங்கோ பார்க்கும்போது பெயரை ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். திரும்பிப் பார்த்த நொடியில் ‘சபாஷ்’, உடனே துண்டு. தாமதித்தால் அது அடுத்துச் செய்த காரியத்துக்குக் கூலி என்று நினைத்துக்கொள்ளும். திரும்பவில்லையா, இரண்டாம் தடவை சொல்லாதீர்கள்; ஓரடி கிட்டே போய், சற்றுப் பொறுத்து, மறுபடி ஒரு தடவை. ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. மூன்று நிமிஷத்துக்கு மேல் போனால் குட்டிக்குச் சலித்துவிடும்.

மூன்றாம் நான்காம் நாள் தார்சாவில், பத்தடி. ஐந்தாம் நாளிலிருந்து கயிற்றோடு தெருவில், கோழியும் சைக்கிளும் போகிற இடத்தில். எதையாவது மோந்துகொண்டிருக்கும்போது கூப்பிட்டுப் பத்துக்கு எட்டுத் தடவை திரும்பினால் பெயர் பதிந்தது. ஐந்துக்குக் கீழே என்றால் அவசரப்பட்டுவிட்டீர்கள், மறுபடி தார்சாவுக்குப் போங்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று காரணத்தால். ஒன்று, ‘சுக்கு சுக்கு சுக்கு சுக்கு’ என்று அடுக்குவது. நாய் நாலாவதுக்குத்தான் திரும்ப வேண்டும் என்று படித்துக்கொள்ளும். இரண்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஊசி போடுவது, குளிப்பாட்டுவது, அடிப்பது. இந்த வேலைகளுக்கு நீங்களே போய்த் தூக்கிக்கொள்ளுங்கள், பெயரைச் செலவழிக்காதீர்கள். மூன்றாவதுதான் நம் வீடுகளில் அதிகம்: அப்பாவுக்குச் சுக்கு, அம்மாவுக்குச் சுக்கம்மா, பிள்ளைகளுக்குச் சுக்குப்பயல், ஆச்சிக்கு ‘ஏ நாயே’. முதல் மூன்று வாரம் எல்லோரும் ஒரே வடிவம். அதற்குப் பிறகு கொஞ்சிக்கொள்ளுங்கள், நாய் புரிந்துகொள்ளும்.

ஏற்கெனவே பெயருள்ள பெரிய நாயைத் தத்தெடுத்திருந்தால், பழைய பெயரை வெட்டிவிடாதீர்கள். புதுப் பெயரை முன்னால் வைத்து இரண்டையும் சேர்த்து, ‘காரி டைகர்’ என்று ஒரு வாரம். அடுத்த வாரம் டைகரை மெல்லச் சொல்லி, அதற்கடுத்த வாரம் விட்டுவிடலாம். முன் வீட்டில் அடிபட்ட நாய் பழைய பெயரைக் கேட்டதும் ஒடுங்கினால் மட்டும், முதல் நாளிலிருந்தே புதுப் பெயர்.

அட்டையிலும் வில்லையிலும்

ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. முதல் ஊசிக்குப் போகும்போதே பெயர் முடிவாகியிருந்தால் அட்டை முழுக்க ஒரே பெயர் இருக்கும். நாய் யாரையாவது கடித்துவிட்டால் அல்லது காணாமல் போனால் அந்த அட்டையைத்தான் காட்ட வேண்டும். பெயரைத் தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். பாளை ஆங்கில எழுத்தில் போனால் அடுத்த தடவை பாலை என்றோ பலாய் என்றோ திரும்பி வரும், மருத்துவமனையில் அப்படியே கூப்பிடுவார்கள், நாய் தலையைத் தூக்காது. இடம் இருந்தால் அடைப்புக்குறிக்குள் விளி வடிவத்தையும் எழுதிவிடலாம்: கோரை (கோரே). கழுத்து வில்லையில் ஒரு பக்கம் பெயர் தமிழில், மறுபக்கம் பத்து இலக்க கைபேசி எண். எழுத்துகளைப் பேனாவால் எழுதாமல் பொறிக்கச் சொல்லுங்கள். ஆற்றில் இறங்குகிற நாய் என்றால் மை ஒரு மாதம்கூட நிற்காது.